அப்பளக் கடைக்குப் பின்னால்

நீங்கள் உள்ளே தள்ளி ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்ளுங்கள் சார். எனக்கு இந்த ஓரம் போதும். காலை நீட்ட வேண்டும், வலது முட்டி முழுசாக மடங்காது. எங்கே இறங்குகிறீர்கள்? விராலிமலையா. நல்லதாகப் போயிற்று. நான் திருச்சி. கிட்டத்தட்டக் கடைசிவரைக்கும் துணை இருக்கிறது. மதுரையில் இறங்குகிற ஆள் என்றால் நான் உட்காரவே மாட்டேன், வேறு சீட்டுப் பார்ப்பேன். பாதியில் எழுந்து போகிறவர்களோடு நான் பேச்சுக் கொடுப்பதில்லை.

இது பால்கோவா. மேலே வைக்கலாம்தான், ஆனால் மடியிலேயே இருக்கட்டும். தம்பி வீட்டுப் பிள்ளைகளுக்கு. முழுப் பரீட்சை லீவு விட்டாயிற்று இல்லையா? வருஷா வருஷம் அவர்கள்தான் ராஜபாளையம் வருவார்கள். இந்த வருஷம் வரவில்லை. என்னவோ நீச்சல் வகுப்பாம், கீபோர்டு வகுப்பாம். சரி, அவர்கள் வராவிட்டால் நாம் போக வேண்டியதுதானே. கூப்பிட்டால்தான் போவேன் என்று உட்கார்ந்திருந்தால் சொந்தம் நிற்குமா?

முட்டியைத்தானே பார்க்கிறீர்கள். மில்லில் அடிபட்டது என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள், நானும் இல்லையென்று சொல்வதில்லை. நூல் மில்லில் நைட் ஷிப்ட் பார்க்கிறவன் நான். மீசை முளைத்ததிலிருந்து அங்கேதான். இன்றைக்கு வரைக்கும் அங்கே ஒரு கீறல் பட்டது கிடையாது. இது பொருட்காட்சியில் பட்டது. போன வருஷ லீவில். ஒரு எட்டு வயதுப் பிள்ளை, என் தம்பி மகள், ஒரே ஒரு வார்த்தை சொல்லி என் முட்டியை உடைத்தாள். நம்பவில்லையா? முழுசாகக் கேளுங்கள். யார் மேல் தப்பு என்று நீங்களே சொல்வீர்கள்.

எங்கள் ஊரில் கோடை பிறந்தால் மைதானத்தில் பொருட்காட்சி போட்டுவிடுவார்கள். ராட்டினம், பேய் வீடு, மரணக் கிணறு, வளையம் எறிந்து சோப்பு டப்பா ஜெயிக்கிற கடை, எல்லாம் இருக்கும். எங்கள் குடும்பத்துக்கு லீவு என்றால் அதுதான். ஊட்டி, கொடைக்கானல் என்று போகிற பழக்கம் இல்லை. ஒரு நாள் அருவிக்குப் போவோம், ஒரு நாள் பொருட்காட்சிக்குப் போவோம். பொருட்காட்சிக்குப் போகிற அன்றைக்கு ஒரு பிள்ளையைத் தொலைப்போம்.

ஏன் சார் அப்படித் திரும்பிப் பார்க்கிறீர்கள்? விளையாட்டுக்குத்தான். நிஜமாகவா தொலைப்பார்கள்?

எங்கள் அப்பா ஆரம்பித்து வைத்தது. "ஒரு தடவை தொலைஞ்சாத்தான் பிள்ளைக்குக் கையப் பிடிக்கத் தெரியும்" என்பார். வீட்டில் ஒவ்வொரு பிள்ளையும் ஐந்து, ஆறு வயதை எட்டியதும் ஒரு தடவை தொலைய வேண்டும். அதுக்கு ஒரு முறை இருக்கிறது. சும்மா விட்டுவிட்டு ஓடி ஒளிவதில்லை. முதலில் டெல்லி அப்பளம் வாங்கிக் கொடுக்க வேண்டும். பார்த்திருப்பீர்களே, முறம் மாதிரி, மேலே மிளகாய்ப் பொடி தூவி. அதை ஒரு கையால் பிடிக்க முடியாது. பிள்ளை தானாக நம் கையை விட்டுவிட்டு ரெண்டு கையாலும் பிடிக்கும். முகத்தையே மறைத்துக்கொள்ளும். சுற்றிலும் கடித்துக் கடித்து, அப்பளம் சின்னதாகி, முகம் வெளியே வரும்போது நாம் அங்கே இருக்கக் கூடாது. அப்புறம் இடம். மரணக் கிணற்றுக்குப் பக்கத்தில்தான் வைத்துக்கொள்வோம். மோட்டார் சைக்கிள் சத்தத்தில் பிள்ளை அழுவது அடுத்தவர்களுக்குக் கேட்காது. கேட்டால் யாராவது தூக்கிச் சமாதானம் பண்ணிவிடுவார்கள், விளையாட்டே கெட்டுப்போகும். அப்பா எதையும் யோசிக்காமல் செய்ய மாட்டார்.

நாங்கள் எல்லாரும் அப்பளக் கடைக்குப் பின்னால் போய் நின்றுகொள்வோம். படுதாவுக்கு இடையில் நன்றாகத் தெரியும். பிள்ளை முதலில் சிரிக்கும். அது தெரியுமா உங்களுக்கு? எல்லாப் பிள்ளையும் முதலில் சிரிக்கும், நாம் பக்கத்தில்தான் இருக்கிறோம் என்று. அப்புறம் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கும். அப்புறம் இன்னொரு சுற்று, வேகமாக. அப்புறம் கீழுதடு துடிக்கும். அந்த உதட்டுக்குத்தான் நாங்கள் காத்துக்கொண்டிருப்போம். வாயைப் பொத்திக்கொண்டு, ஒருத்தர் தோளில் ஒருத்தர் விழுந்து சிரிப்போம். அழுது ஓய்ந்ததும் அப்பா பின்னாலிருந்து போய்க் கண்ணைப் பொத்தி, "யாரு, சொல்லு?" என்பார். அப்பா என்று சொன்னதும் தூக்கிக்கொள்வார். அப்புறம் ஐஸ்கிரீம். ஒன்றும் ஆகாது.

அம்மா மட்டும் வர மாட்டாள். அவளுக்குச் சிரிக்கத் தெரியாது. சில பேர் அப்படித்தான்.

என்னைத் தொலைத்தபோது எனக்கு ஐந்து வயது. எனக்கு என்ன ஆகிவிட்டது? டவுசர் நனைந்தது, அவ்வளவுதான். ஒரு போலீஸ்காரர் காலைக் கட்டிக்கொண்டு விட மாட்டேன் என்று தொங்கினேனாம். அப்பா அதை என் கல்யாணப் பந்தியில் சொன்னார். பெண் வீட்டார் சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். காந்திமதி, என் வீட்டுக்காரி, தலை குனிந்து இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். புதுப் பெண், கூச்சம்.

அப்பா போன பிறகு நான்தான் மூத்தவன், நான்தான் நடத்துகிறேன். என் மகன் பிரசன்னாவைத் தொலைத்தேன். அவன் அழுத அழுகையில் வாந்தி எடுத்துவிட்டான். இப்போது ஓசூரில் நல்ல வேலையில் இருக்கிறான். பேரன் பிறந்திருக்கிறான். நடக்கிறானாம். வீடியோவில் பார்த்தேன். ஊருக்கு வா என்றால் லீவு கிடைக்கவில்லை என்கிறான். அந்தக் கம்பெனியில் லீவே கிடையாது போலிருக்கிறது.

இரண்டு பேரும் டீ குடிக்கலாமா? வண்டி நிற்கப் போகிறது. இல்லையா, பாத்ரூம் மட்டுமா. சரி போய்விட்டு வாருங்கள். பை இருக்கட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன். பையை வைத்துவிட்டே போங்கள்.

வந்துவிட்டீர்களா. அந்தப் பக்கம் போய் இந்தப் பக்கமாக வந்தால் எப்படித் தெரியும்? நான் படிக்கட்டில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். டிரைவரிடமும் சொல்லிவிட்டேன், ஒரு ஆள் வர வேண்டும் என்று. அவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கிறார். உட்காருங்கள், உள்ளே தள்ளி.

எதில் விட்டேன்? ஆமாம், அந்தப் பிள்ளை, மோனிஷா.

தம்பி பேர் செல்லப்பாண்டி. திருச்சியில் ஏதோ ஒரு கம்பெனியில் போனில் பேசுகிற வேலை. குறை சொல்லிக் கூப்பிடுகிறவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டுமாம். அவனுக்குப் போய் அந்த வேலையை எப்படிக் கொடுத்தார்கள் என்று எனக்குப் புரிந்ததே கிடையாது. அவன் திக்குவாய் சார். என்னோடு பேசினால் ஒரு வார்த்தைக்கு ஒன்பது தடவை முட்டும். ஆனால் ஆபீசில் திக்கவே திக்காதாம். அவன் பெண்டாட்டி தமயந்தி சொல்கிறாள், வீட்டிலும் திக்காதாம். ஊருக்கு வந்தால்தான் ஆரம்பிக்குமாம். எங்கள் ஊர்த் தண்ணீர் அப்படி, கொஞ்சம் உப்பு.

போன வருஷம் லீவுக்கு வந்தார்கள். தம்பி, தமயந்தி, மோனிஷா, சின்னவன் ரித்தீஷ். மோனிஷாவைத் தொலைக்காமலே விட்டிருந்தோம். ஒவ்வொரு வருஷமும் தமயந்தி ஏதாவது சொல்லித் தட்டிக் கழித்துவிடுவாள். பிள்ளைக்கு எட்டு வயது ஆகிவிட்டது. இனி விட்டால் விவரம் வந்துவிடும், ஏமாற்ற முடியாது. சின்னவனுக்கு அன்றைக்குக் காய்ச்சல், தமயந்தி வீட்டில் இருந்துவிட்டாள். நல்ல நேரம் என்று நினைத்தேன். வாசல் வரைக்கும் வந்து, "மாமா, அவகிட்ட அந்த விளையாட்டெல்லாம் வேணாம்" என்றாள். "சேச்சே, நான் என்ன சின்னப்பிள்ளையா?" என்றேன். பெண்களிடம் அப்படித்தான் சொல்ல வேண்டும்.

ஆனால் அதுக்கு முந்தின நாள் ஒன்று நடந்தது. அதைச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். மத்தியானம் எல்லாரும் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தோம். மோனிஷா என் பக்கத்தில் இருந்து மாங்காய்க்கு உப்புத் தொட்டுத் தின்றுகொண்டிருந்தாள். பொருட்காட்சிப் பேச்சு வந்தது. நான் செல்லப்பாண்டி தொலைந்த கதையைச் சொன்னேன். எங்கள் வீட்டில் ரொம்பப் பிரபலமான கதை அது.

அவனுக்கு அப்போது ஆறு வயது இருக்கும். ஊதா டவுசர். அப்பளம் கொடுத்து, மரணக் கிணற்றுப் பக்கம் நிறுத்தி, நாங்கள் ஒளிந்துகொண்டோம். அந்த நேரம் பார்த்து அப்பாவுக்குப் பழைய சிநேகிதர் ஒருத்தர் கிடைத்துவிட்டார். "டேய் தனுஷ்கோடி, பார்த்துக்கோ, இப்ப வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். டீக்குப் பிறகு வெற்றிலை, வெற்றிலைக்குப் பிறகு பேச்சு. செல்லப்பாண்டி அழுது, உருண்டு, தொண்டை கட்டி, சத்தமே வராமல் வாயை மட்டும் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தான், தண்ணீரிலிருந்து எடுத்துப் போட்ட கெண்டை மாதிரி. யாரோ தூக்கிக்கொண்டுபோய்ப் போலீஸ் கூடாரத்தில் விட்டார்கள். மைக்கில் சொல்கிறார்கள்: "ஊதா டவுசர் போட்ட பையன், பேரு கேட்டா 'செ... செ...'ங்கிறான், பெத்தவங்க வந்து கூட்டிட்டுப் போகவும்." நான் அந்த 'செ... செ...'யை மைக்கில் பேசினவர் மாதிரியே சொல்வேன். அதுக்குத்தான் எல்லாரும் சிரிப்பார்கள். செல்லப்பாண்டியும் சிரிப்பான்.

அன்றைக்கும் சிரித்தார்கள். மோனிஷா சிரிக்கவில்லை. மாங்காயைக் கீழே வைத்துவிட்டு அவள் அப்பாவைப் பார்த்தாள்.

"அப்பா, அப்ப பெரியப்பா எங்க இருந்தாங்க?"

"அ... அ... அப்பளக் கடைக்குப் பி... பின்னாலடா."

அவள் என் பக்கம் திரும்பினாள். "நீங்க பார்த்துட்டே இருந்தீங்களா?"

"பார்க்காம? தாத்தா பார்த்துக்கச் சொல்லிட்டுல்ல போனாரு?"

"அப்ப நீங்க ஏன் போகல பெரியப்பா?"

அந்தப் பெரியப்பாதான் சார் கடைசி. அதுக்குப் பிறகு இன்றுவரைக்கும் அந்த வாயிலிருந்து அந்த வார்த்தை வரவில்லை. அன்றைக்கு எனக்குத் தெரியுமா? "அப்பா வராம நாமளா போகக் கூடாதுடி, அதுதான் விளையாட்டு" என்றேன். சரியான பதில்தானே? எனக்கு அப்போது வயது ஒன்பது, பத்துதான். சொன்ன சொல் கேட்கிற பிள்ளை நான். அவள் மாங்காயை அதுக்குப் பிறகு தொடவில்லை. திக்குவாய் அன்றைக்குத்தான் ஆரம்பித்தது என்று தமயந்தி உள்ளேயிருந்து ஏதோ சொன்னாள். அதெல்லாம் கிடையாது. அவனுக்கு நாக்குக் கொஞ்சம் தடிப்பு.

மறுநாள் சாயங்காலம் போனோம். நான், காந்திமதி, செல்லப்பாண்டி, மோனிஷா. நல்ல கூட்டம். மோனிஷா வனத்துறை அரங்கில் காகிதப் புலியைப் பார்த்தாள், கண்ணாடி மாளிகையில் குண்டாகவும் ஒல்லியாகவும் தெரிந்தாள். அங்கே மட்டும் கொஞ்சம் சிரித்தாள். எல்லாம் நான் பிடித்த கையோடுதான். அப்புறம் அப்பளம் வாங்கிக் கொடுத்தேன்.

அவள் அப்பளத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வாங்கிக்கொண்டாள். ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். முகம் மறைந்தது. நாங்கள் நழுவினோம். செல்லப்பாண்டி கொஞ்சம் தயங்கினான், தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். அவனிடம் என் போனைக் கொடுத்து, "வீடியோ எடு, குரூப்ல போடணும்" என்றேன். இந்தக் காலத்தில் அந்த வசதி இருக்கிறதே.

பின்னால் நின்று பார்க்கிறோம். அவள் தின்கிறாள். அவசரமே இல்லை. ஓரத்திலிருந்து கடித்து, மென்று, இன்னொரு கடி. முகம் வெளியே வந்தது. சிரிக்கவில்லை. சுற்றிப் பார்க்கவும் இல்லை. கடைசித் துண்டு வரைக்கும் தின்று, கையைக் கவுனில் துடைத்து, நேராக எங்கள் படுதாவைப் பார்த்தாள். பார்த்தாள் என்றுதான் நினைக்கிறேன். காந்திமதி "பார்த்துட்டா" என்றாள். அப்புறம் மோனிஷா நடந்து போய், ராட்டினத்துக்கு நிற்கிற வரிசையில் ஒரு அம்மா, பிள்ளைகளோடு நின்றுகொண்டிருந்தாள், அந்த அம்மா பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். அந்த அம்மா குனிந்து ஏதோ கேட்கிறாள், இவள் தலையாட்டுகிறாள். அந்த அம்மா இவள் தலையைத் தடவுகிறாள்.

எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்கள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. எங்கள் குடும்பத்தில் இப்படி ஒரு பிள்ளை கிடையாது. "போதுங்க, போய்க் கூட்டிட்டு வாங்க, நான் ஐஸ்கிரீம் வாங்கி வைக்கிறேன்" என்று காந்திமதி போய்விட்டாள். செல்லப்பாண்டி போனைப் பிடித்தபடி நின்றான்.

நான் போனேன். முறைப்படி பின்னாலிருந்து போய் ரெண்டு கண்ணையும் பொத்தினேன்.

"யாரு, சொல்லு?"

கைக்குள் இமை அடித்துக்கொள்வது தெரிகிறது. அந்த அம்மா, "யாருங்க நீங்க? பிள்ளை மேல இருந்து கையை எடுங்க" என்றாள்.

"பெரியப்பாம்மா, சும்மா விளையாட்டு."

"பாப்பா, இவரைத் தெரியுமா உனக்கு?"

மோனிஷா திரும்பினாள். என்னை மேலிருந்து கீழ்வரைக்கும் பார்த்தாள். சட்டையைப் பார்த்தாள், செருப்பைப் பார்த்தாள். நிதானமாக, கடையில் துணி பார்க்கிற மாதிரி.

"தெரியாது" என்றாள்.

நான் சிரித்தேன் சார். நிஜமாகவே சிரித்தேன், கெட்டிக்காரி என்று. "ஏய் மோனிஷா, வாடி" என்று கையைப் பிடித்தேன். வரிசையில் நின்ற ஒருத்தன், "பேரெல்லாம் தெரிஞ்சு வச்சிருக்கான் பாருங்க" என்றான். அந்தச் சமயத்தில் எல்லார் போனிலும் பிள்ளை பிடிக்கிற கும்பல் வந்திருக்கிறது என்று ஒரு வதந்தி ஓடிக்கொண்டிருந்தது. நான்கூட அதை நாலு பேருக்கு அனுப்பியிருந்தேன். நான் இழுத்தேன். அப்போதுதான் அவள் அழுதாள். என்ன அழுகை என்கிறீர்கள். கீழுதடு துடிக்க, உடம்பு வளைய, நாங்கள் படுதாவுக்குப் பின்னால் நின்று காத்திருந்த அத்தனை அழுகையும் அப்போது வந்தது. மோட்டார் சைக்கிள் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது.

முதல் அடி யார் அடித்தது என்று தெரியவில்லை. வாயில் விழுந்தது. இந்தப் பல் கட்டிய பல். அப்புறம் கீழே விழுந்துவிட்டேன். கீழே விழுந்தவனைச் சுலபமாக அடிக்கலாம், எல்லாருக்கும் இடம் கிடைக்கும். குடும்பம் குடும்பமாக வந்திருக்கிறார்கள், லீவுக்கு. பலூன் வைத்திருந்த ஒரு ஆள் பலூனைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு வந்து ஒரு மிதி மிதித்தான். அதுதான் முட்டி.

நான் அப்பளக் கடைப் பக்கம் பார்த்துக் கத்தினேன். "செல்லப்பாண்டி, சொல்லுடா" என்று. கால்களுக்கு இடையில் எனக்கு அந்தப் படுதா தெரிந்தது. அவன் அங்கேயேதான் நின்றான். போனைப் பிடித்திருந்த கை இறங்கவே இல்லை. பார்த்துக்கொண்டே நின்றான். வாய் திறந்து திறந்து மூடுகிறது. பிறகு கேட்டேன். "அ... அண்ணே, வா... வாய் வரல" என்றான். பாவம், அவன் என்ன செய்வான்? குறை உள்ள பிள்ளை. கால் வரவில்லையா என்று காந்திமதி கேட்டாள். அவளுக்கு அவனைப் பிடிக்காது. பதற்றத்தில் கால் எப்படி வரும்?

போலீஸ்காரர் ஒருத்தர் வந்துதான் என்னை இழுத்துப் போட்டார். கூடாரத்துக்குக் கொண்டுபோனார். அந்த அம்மா மோனிஷாவையும் கூட்டிவந்தாள். பிள்ளையை நாற்காலியில் உட்காரவைத்து பிஸ்கட் கொடுத்தார்கள். என்னைத் தரையில். அவள் அவங்க அப்பா போன் நம்பரை ஒப்பித்தாள், தடங்கல் இல்லாமல். தமயந்தி மனப்பாடம் பண்ண வைத்திருக்கிறாள். செல்லப்பாண்டி வந்தான். மோனிஷா ஓடிப்போய் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

போலீஸ்காரர் கேட்டார், "இவரு பிள்ளைக்குப் பெரியப்பான்னு அந்தம்மாகிட்டச் சொல்லியிருக்காரு. உங்களுக்கு இவரைத் தெரியுமா?"

செல்லப்பாண்டி என்னைப் பார்த்தான். என்னால் பேச முடியவில்லை, உதடு வீங்கிக் கிடக்கிறது. சொல்லுடா என்று தலையை ஆட்டினேன். "அ..." என்றான். "அ... அ... அ..." கழுத்து நரம்பு புடைக்கிறது. வரவில்லை. மோனிஷா அவன் கையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். போலீஸ்காரருக்கும் பாவமாகிவிட்டது. "சரி சரி, பயந்துட்டீங்க. நீங்க பிள்ளையக் கூட்டிட்டுப் போங்க, நாங்க விசாரிச்சுக்கறோம்" என்றார்.

அவன் போய்விட்டான் சார். வார்த்தை வரவில்லை என்றால் மனுஷன் எவ்வளவு நேரம் நிற்பான்? வீட்டுக்குப் போய் எழுதிக் காட்டலாம் என்று போயிருப்பான். வாசல் தாண்டும்போது மோனிஷா ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். சிரித்தாளா என்றால், இல்லை. சிரித்திருந்தாலாவது விளையாட்டு என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் மைக்கில் சொன்னார்கள். "கட்டம் போட்ட சட்டை, ஐம்பது வயசு மதிக்கத்தக்க ஆள், தனுஷ்கோடின்னு எழுதிக் காட்டுறாரு. சொந்தக்காரங்க யாராச்சும் இருந்தா வந்து கூட்டிட்டுப் போகவும்." மைதானம் முழுக்கக் கேட்டிருக்கும். திரும்பத் திரும்பச் சொன்னார்கள். ஒவ்வொரு தடவையும் நான் வாசலைப் பார்த்தேன். நான் அங்கே மேஜைக் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடிபட்ட மயக்கம். போலீஸ்காரர் விடச் சொன்னார், கை விடவில்லை. வேட்டி நனைந்திருந்தது. யாரோ என் மேல் தண்ணீர் ஊற்றியிருப்பார்கள், மயக்கம் தெளிய. ஊற்றுவார்கள் இல்லையா?

காந்திமதி வந்தாள். கையில் ஐஸ்கிரீம் உருகி முழங்கை வரைக்கும் வழிந்துகொண்டிருந்தது. கூட்டத்தைப் பார்த்து யாரோ திருடன் அடிபடுகிறான் என்று நினைத்து அந்தப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு வந்தாளாம்.

மறுநாள் விடிந்ததும் கிளம்பிவிட்டார்கள். நான் கட்டிலில் கால் தூக்கிக் கிடந்தேன். மோனிஷாவைக் கூப்பிட்டேன். கோபமே படவில்லை. எல்லார் முன்னாலும், "ஒரே ஒரு தடவை பெரியப்பான்னு சொல்லிடு, எல்லாத்தையும் மறந்துடுறேன்" என்றேன். பெரிய மனுஷன் இதுக்கு மேல் எப்படி இறங்கிவருவான்? அவள் நிலைப்படியில் நின்று அந்த மாதிரியே பார்த்தாள், மேலிருந்து கீழ்வரைக்கும். "ஆட்டோ வந்துருச்சும்மா" என்றாள், தமயந்தியிடம். அவ்வளவுதான்.

போன் பண்ணினால் "ஹலோ" என்பாள், "அப்பா, போன்" என்பாள். யார் போன் என்று அவன் கேட்டால், "ராஜபாளையத்துல இருந்து" என்கிறாள். ஊர்ப் பேர் வருகிறது, உறவு வரவில்லை. அதைக் கேட்டால் எனக்கு ஷிப்ட் முழுக்க வேலை ஓடாது. மிஷின் சத்தத்துக்குள் அந்தத் 'தெரியாது' வந்து உட்கார்ந்துகொள்ளும். எட்டு வயதுப் பிள்ளை சார். இவ்வளவு கல் நெஞ்சு எங்கேயிருந்து வந்தது? எங்கள் பக்கத்து வழியில் கிடையாது. தமயந்தி பக்கம்தான்.

அந்த வீடியோவா? செல்லப்பாண்டி குரூப்பில் போடவில்லை. என் போனிலிருந்தே அழித்துவிட்டுத்தான் கொடுத்தான். நல்ல பிள்ளை. அண்ணன் அடிபடுவதை நாலு பேர் பார்க்கக் கூடாது என்று நினைத்திருக்கிறான். அழிப்பதற்கு முன்னால் தன் போனுக்கு அனுப்பியிருக்கிறான் என்று பிரசன்னா சொன்னான். அவனுக்கும் ஒன்று வந்ததாம். ஞாபகத்துக்காக வைத்திருப்பார்கள். குடும்பம் என்றால் அப்படித்தான்.

இப்போது எதுக்குப் போகிறேன் என்று கேட்கிறீர்கள். திருச்சியிலும் பொருட்காட்சி போட்டிருக்கிறார்களாம். சின்னவன் ரித்தீஷுக்கு இந்த மாதம் ஐந்து முடிகிறது. டெல்லி அப்பளம் என்றால் உயிரை விடுவான். இல்லை, பதறாதீர்கள், முழுக்கக் கேளுங்கள். மோனிஷாவை நான் ஒன்றும் செய்யப் போவதில்லை. அவள் முறை முடிந்துவிட்டது. அவளை இந்தத் தடவை எங்களோடு அப்பளக் கடைக்குப் பின்னால் நிறுத்திக்கொள்வேன். என் பக்கத்திலேயே. அவள் அந்தப் பக்கம் நின்றவள், இந்தப் பக்கம் நின்று பார்த்ததில்லை, அதனால்தான் இத்தனையும். இந்தப் பக்கம் நின்று அவள் தம்பி சிரிக்கிறதை, சுற்றிப் பார்க்கிறதை, அந்த உதட்டை, ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும். அவளை அறியாமல் சிரிப்பு வந்துவிடும். யாருக்கும் வரும். சிரிப்பு வந்துவிட்டால் அப்புறம் பெரியப்பா என்று தானாக வாயில் வரும். வராமல் எங்கே போகும்?

தமயந்தியிடம் சொல்லவில்லை. நான் வருவதே அவர்களுக்குத் தெரியாது. கதவைத் தட்டிவிட்டுக் கொஞ்சம் ஓரமாக நின்றுகொள்வேன், திறந்து பார்த்துத் திகைக்கட்டும். தம்பி என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டான். அவனுக்கு வராதே.

துவரங்குறிச்சி தாண்டிவிட்டோமா? அப்படியானால் உங்கள் ஊர் பக்கம்தான். எனக்குக் கண் சொருகுகிறது. நைட் ஷிப்ட்காரன் உடம்பு, பகலில் பஸ் ஆடினால் தூக்கம் வந்துவிடும். ஒரே ஒரு உதவி. நான் தூங்கிப்போனால் தாண்டிக் குதித்துப் போய்விடாதீர்கள். தோளைத் தட்டி எழுப்பி, இறங்குகிறேன் என்று சொல்லிவிட்டுப் போங்கள். முழித்துப் பார்க்கும்போது பக்கத்துச் சீட்டு காலியாக இருந்தால் எனக்கு... ஒன்றுமில்லை, மரியாதை என்று ஒன்று இருக்கிறதே, அதுக்காகச் சொல்கிறேன்.

உங்கள் பை வாரையா? ஆமாம், நான்தான் பிடித்திருக்கிறேன். வண்டி குலுக்குகிறது சார், வேறொன்றுமில்லை. இருக்கட்டும், இழுக்காதீர்கள். உங்கள் ஊர் வந்ததும் விட்டுவிடுகிறேன்.